சிங்கி இறால் விலை விழுந்தால் தட்டில் எவ்வளவு குறையும்?

அலைவாய் எழுதியது:

சிங்கி இறால் விலை சரிந்தது என்று செய்தி வந்தால் கடலுணவுப் பிரியர்கள் எல்லோருக்கும் நாக்கு ஊறும். ஆனால் உணவகத்தில் போய் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தால் பழைய விலைதான் நிற்கிறது. இது எனக்கு நெடுநாள் உறுத்தல்.

அமெரிக்காவில் சிங்கி இறால் பிடிப்பில் முதலிடம் மெய்ன் மாநிலத்துக்கு. அங்கே 2021ல் மீனவர் கைக்குப் பவுண்டுக்குச் சராசரியாக 6.71 டாலர் கிடைத்தது (ஒரு பவுண்டு என்பது 450 கிராம் சொச்சம்). அடுத்த ஆண்டே 3.97 டாலர். நாற்பது சதவீதத்துக்கு மேல் ஒரே வருடத்தில் போய்விட்டது. சாப்பிடுகிறவருக்கு அதில் பாதியாவது வந்து சேர்ந்திருக்க வேண்டாமா? நடுவில் எங்கே தங்குகிறது அந்தப் பணம்? விலை விழும் காலத்தில் நாம் எதை வாங்கினால் உண்மையில் லாபம்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அலைவாய் அண்ணா, நீங்கள் சொல்வது படகு விலை. கரையில் இறக்கியதும் மொத்த வியாபாரி கொடுக்கும் முதல் விலை அது. அதற்குப் பிறகுதான் செலவே ஆரம்பிக்கிறது. உயிரோடு விற்க வேண்டிய சரக்கு இது. குளிர்ந்த கடல்நீர்த் தொட்டியில் வைக்க வேண்டும், எடை வாரியாகப் பிரிக்க வேண்டும், ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாமல் கொடுக்குக்கு ரப்பர் பட்டை போட வேண்டும், ஈரம் காயாமல் பெட்டியில் அடுக்கி லாரியிலோ விமானத்திலோ ஏற்ற வேண்டும். வழியில் சாவது நட்டம். அந்த நட்டத்தையும் பிழைத்து வந்ததன் விலையில்தான் ஏற்றுவார்கள்.

ஒரு கணக்குக்கு, தட்டின் விலை 40 என்று வைத்துக்கொள்வோம். அதில் படகு விலை 8. மற்ற 32ம் போக்குவரத்து, தொட்டி, சமையலறைக் கூலி, கடை வாடகை, லாபம். படகில் 8 என்பது 5 ஆனால் மீனவருக்கு அது பேரிடி. தட்டில் எல்லாரும் நேர்மையாகக் குறைத்தாலும் 37தான் வரும். உங்கள் நாற்பது சதவீதம் இங்கே ஏழெட்டு சதவீதமாகிவிடுகிறது.

அப்புறம் உணவகக்காரரின் பயம் ஒன்று இருக்கிறது. இன்று குறைத்தால் நாளை ஏற்றும்போது வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். 2022ல் 3.97க்கு இறங்கிய அதே மெய்ன் விலை 2023ல் 4.95, 2024ல் 6.14 என்று மேலே ஏறிவிட்டது. அதனால்தான் பல இடங்களில் பட்டியலில் எண்ணே போடாமல் 'சந்தை விலை' என்று மட்டும் எழுதுகிறார்கள்.

ருசிக்காரி எழுதியது:

கணக்குப்பிள்ளை சொல்வது சரி, ஆனால் அவர் எல்லா சிங்கி இறாலையும் ஒரே சரக்காக வைத்துப் பேசுகிறார். சமைக்கிறவர்கள் அப்படிப் பார்க்க முடியாது. கோடையில் விலை இறங்கும்போது சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி புதிதாக ஓடு உரித்த மென் ஓட்டுச் சரக்கு.

பழைய ஓட்டை உரித்துவிட்டு வெளியே வரும் சிங்கி இறால் தண்ணீரை உறிஞ்சி உடம்பை ஊதிக்கொள்ளும். புது ஓடு அந்தப் பெரிய அளவிலேயே இறுகும். சதை அப்புறம்தான் மெதுவாக வளர்ந்து இடத்தை நிரப்பும். அதற்கு முன்பே பிடித்து வேகவைத்தால், கொடுக்கை முறித்ததும் முதலில் மணிக்கட்டு வரைக்கும் உப்புத் தண்ணீர் வழியும். உள்ளே சதை ஓட்டின் சுவரைத் தொடாமல் சுருங்கிக் கிடக்கும். கெட்டி ஓடாக இருந்தால் கனமான கத்தியின் முதுகால் தட்டினால்தான் கொடுக்கே திறக்கும், சதை ஓட்டின் வடிவத்திலேயே முழுசாக வெளியே வரும்.

கிலோ விலையைப் பார்க்காமல் சதை விலையைப் பாருங்கள். கெட்டி ஓடு கிலோ 10, அதில் நாலில் ஒரு பங்கு சதை என்று வைத்தால் ஒரு கிலோ சதை 40க்கு விழுகிறது. மென் ஓடு கிலோ 8, அதில் 18 சதவீதம்தான் சதை என்றால் ஒரு கிலோ சதை 44க்கு மேல். மலிவு என்று வாங்கியதுதான் விலை கூடியது! இந்தக் கணக்கில் மென் ஓடு 7.20க்குக் கீழே வந்தால்தான் நமக்கு லாபம்.

ருசியில் மென் ஓடு தாழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதன் சதை இனிப்பாகவும் மிருதுவாகவும் இருக்கும். கையாலேயே உடைத்துச் சாப்பிடலாம். அதை விரும்பித் தேடிப்போகிற ஆட்கள் உண்டு. ஆனால் தூரப் பயணம் தாங்காது. அதனால் பிடித்த கரைக்குப் பக்கத்தில்தான் அது நிஜமான மலிவு.

புதுமீன் எழுதியது:

அக்கா, தொட்டியில் பார்த்து எது மென் ஓடு, எது கெட்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரரிடம் கேட்டால் எல்லாமே நல்லதுதான் என்கிறார்.

ருசிக்காரி எழுதியது:

கடைக்காரரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தலைக்குப் பின்னால் உடம்பை மூடியிருக்கும் பெரிய ஓட்டின் இரண்டு பக்கத்தையும் விரலால் லேசாக அழுத்துங்கள். அமுங்கினால் மென் ஓடு. நிறமும் சொல்லிவிடும். புது ஓடு பளிச்சென்று சுத்தமாக இருக்கும். பழைய ஓட்டில் கீறல் இருக்கும், சில நேரம் கொட்டலசு (படகிலும் பாறையிலும் ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடலுயிர்) ஒட்டியிருக்கும், கொடுக்கின் அடிப்பக்கம் தேய்ந்திருக்கும். பார்க்க அழகாக இருப்பதை எடுக்காதீர்கள், அடிபட்ட மாதிரி இருப்பதை எடுங்கள்.

தூக்கும்போது வாலைச் சட்டென்று உள்பக்கம் மடக்கி அடிக்க வேண்டும். கொடுக்கைத் தொங்கவிட்டுச் சும்மா கிடந்தால் வேண்டாம். ஒரு கொடுக்கு உடைந்து போனவற்றைத் தனியாகக் குறைந்த விலைக்குத் தருவார்கள். முழுசாகப் பரிமாற வேண்டாம், சதைதான் வேண்டும் என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் எந்தப் பருவத்திலும் நல்ல பேரம் அதுதான்.

வலைக்காரன் எழுதியது:

சாப்பாட்டுப் பேச்சுக்கு நடுவில் படகுப் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

2012ல் மெய்னில் பவுண்டு விலை சராசரி 2.69 டாலருக்கு வந்தது. முந்தின வருடம் 3.19. பிடிப்பு மட்டும் 10.5 கோடி பவுண்டில் இருந்து 12.7 கோடி பவுண்டுக்கு ஏறியது. இருபது சதவீதம் கூடுதலாக இறக்கியும் மொத்த வருமானம் கிட்டத்தட்ட அசையவில்லை. கூடுதலாகப் பிடிக்கக் கூடுதலாக டீசல் வேண்டும், கூண்டில் வைக்க இரை மீன் வேண்டும், உதவியாளுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். எல்லாம் கழித்தால் அதிகம் உழைத்துக் குறைவாக வீட்டுக்குக் கொண்டுபோன வருடம் அது.

அந்த ஆகஸ்டில் கனடாவின் நியூ பிரன்சுவிக்கில் மீனவர்கள் பதப்படுத்தும் ஆலைகளை மறித்தார்கள். மெய்னில் இருந்து மலிவுச் சரக்கு லாரி லாரியாக வந்து இறங்கினால் எங்கள் பருவத்தில் எங்களுக்கு என்ன விலை கிடைக்கும் என்பது அவர்கள் கேள்வி. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அடுத்த வருடம் மே மாதம், பருவம் நடக்கும்போதே, கனடாவின் கிழக்குக் கரையில் பல துறைமுகங்களில் விலை போதாது என்று படகைக் கட்டிவைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். பருவம் குறுகியது. அதில் ஒரு நாளைத் தியாகம் செய்வது சின்ன முடிவு இல்லை.

2022 இன்னும் மோசம். எரிபொருளும் இரையும் உச்சத்தில், சரக்கு விலை பாதாளத்தில். இரைக்குப் போடும் ஹெர்ரிங் மீனைப் பிடிக்க அனுமதிக்கும் அளவும் அதற்கு முன்பே வெகுவாகக் குறைக்கப்பட்டிருந்தது. விலைச் சரிவைக் கொண்டாட என்னால் முடியவில்லை.

அலைவாய் எழுதியது:

வலைக்காரன், கொண்டாட்டமாக நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். சரக்கு குவிந்து கிடக்கும்போது நாம் பரிதாபப்பட்டு வாங்காமல் இருந்தால் மீனவருக்கு இன்னும் நட்டம்தான். உயிருள்ள சரக்கைக் குடோனில் வைத்து விலை ஏறும்வரை காத்திருக்க முடியாது. விலை குறைவு என்று தெரிந்தால் புதுசாக நாலு பேர் வாங்குவார்கள், தேவை கூடும், விலை மறுபடி எழும். தடுப்பது எது? கீழே விழுந்த விலை மேலே கடைசி ஆளுக்குத் தெரியாமல் போவதுதான். உணவகங்கள் விலையைக் குறைக்காமல் இருப்பதால் நமக்கு மட்டும் இழப்பில்லை, மீனவருக்கும் இழப்பு. என் உறுத்தல் அங்கேதான்.

வலைக்காரன் எழுதியது:

அதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. துறைமுகத்தில் நேரடியாக வாங்க வழி இருக்கிறவர்கள் வாங்கட்டும். அந்தப் பணம் அப்படியே படகுக்குப் போகும்.

கடல்நூல் எழுதியது:

கடல் உயிரியல் படிக்கிறேன், அந்தப் பக்கத்தில் இருந்து கொஞ்சம். விலை விழ இரண்டு விதக் காரணம் உண்டு, இழையில் அவை கலந்துபோகின்றன.

2012 சரிவு கடலில் இருந்து வந்தது. வடமேற்கு அட்லாண்டிக்கில் அந்த வருடம் கடல் வெப்ப அலை. வழக்கமாகக் கோடை நடுவில் ஓடு உரிப்பவை பல வாரம் முன்னதாகவே உரித்துக் கூண்டுக்குள் வர ஆரம்பித்தன. கனடாவின் ஆலைகள் அப்போது தங்கள் வசந்த காலச் சரக்கிலேயே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. மெய்ன் சரக்கை வாங்கிப் பதப்படுத்த இடம் இல்லை. ருசிக்காரி அக்கா சொன்ன மாதிரி மென் ஓட்டைத் தூரத்துக்கும் அனுப்ப முடியாது. விலை விழாமல் என்ன செய்யும்?

2022ல் நடந்தது வேறு. பிடிப்பு முந்தின வருடத்தைவிடக் குறைந்திருந்தது, விலையும் விழுந்தது. சரக்கு குறைந்தும் விலை விழுகிறது என்றால் வாங்குகிறவர் பின்வாங்கிவிட்டார் என்று பொருள். 2021ல் எகிறிய விலையை விலைவாசி உயர்வுக் காலத்தில் ஜனங்களால் தொடர்ந்து கொடுக்க முடியவில்லை.

இதை ஏன் பிரிக்க வேண்டும் என்றால், 'மலிவாகிவிட்டது, கடலில் நிறைய இருக்கிறது' என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. மெய்னில் பிடிப்பின் உச்சம் 2016, 13 கோடி பவுண்டைத் தாண்டியது. 2024ல் சுமார் 8.6 கோடி. மெய்ன் வளைகுடா உலகக் கடல்களிலேயே மிக வேகமாகச் சூடாகும் பகுதிகளில் ஒன்று. ஆரம்பத்தில் அந்தச் சூடு சிங்கி இறாலுக்குச் சாதகமாக இருந்தது. அதற்குத் தெற்கே, லாங் ஐலண்ட் சவுண்ட் பகுதியில், 1999ல் அவை பெருமளவில் செத்தன. அந்தத் தொழில் அங்கே மறுபடி எழுந்திருக்கவே இல்லை. சூடு அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கடல் கண் முன்னால் இருக்கிறது.

மெய்ன் மீனவர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கூண்டில் முட்டையோடு பெண் சிங்கி இறால் வந்தால், வால் துடுப்பில் வி வடிவத்தில் சின்னதாக வெட்டிவிட்டுக் கடலில் திருப்பி விடுவார்கள். அடுத்த முறை முட்டை இல்லாமல் வேறொருவர் கூண்டில் சிக்கினாலும் அந்த வெட்டைப் பார்த்ததும் விட்டுவிட வேண்டும். உடம்பு ஓடு சுமார் 83 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலும் கூடாது, 127ஐத் தாண்டினாலும் கூடாது. பெரியவைதான் நிறைய முட்டை இடும். பிடிக்கும் அளவுக்கு ஒன்று வளரக் கிட்டத்தட்ட ஏழு வருடம் ஆகும். விலை குறைந்த வருடத்திலும் கையில் வந்த கனத்த சரக்கைத் திருப்பி விடுவது சாதாரணக் கட்டுப்பாடு இல்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கடல்நூல் தங்கச்சி சொன்னதோடு மூன்றாவது காரணம் ஒன்றைச் சேர்க்கிறேன்: அரசியல். சாப்பிடுகிறவருக்கு நேரடியாக விலை குறைந்து வந்த நல்ல உதாரணம் அதில்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் கிடைப்பது கொடுக்கு இல்லாத கல் சிங்கி இறால். மேற்கு ஆஸ்திரேலியாவில் பிடித்ததில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சீனாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2020 நவம்பரில் சீனா கதவை மூடியது. விலை நொறுங்கியது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆஸ்திரேலிய சூப்பர்மார்க்கெட்டுகளில் சிங்கி இறால் ஒன்று இருபது ஆஸ்திரேலிய டாலர் வாக்கில் கிடைத்தது, படகில் இருந்தே மக்களுக்கு விற்பதும் பெருகியது. தன் கடலில் பிடித்ததைத் தானே வாங்கிச் சாப்பிட முடியாதிருந்த பல குடும்பங்களுக்கு முதல் முறையாக அது கைக்கு எட்டியது. 2024 கடைசியில்தான் சீனா மறுபடி திறந்தது.

இங்கே மட்டும் விலை ஏன் வந்து சேர்ந்தது? வெளியே போக வேண்டிய சரக்குக்கு வேறு வாசலே இல்லை. 2018 ஜூலையில் அமெரிக்கச் சிங்கி இறாலுக்குச் சீனா 25 சதவீதக் கூடுதல் வரி போட்டபோது அப்படி ஆகவில்லை. சீனா கனடாவிடம் வாங்கியது, அமெரிக்கச் சரக்கு வேறு பக்கம் நகர்ந்தது. ஒரே நாட்டை நம்பி விற்கிற இடத்தில் கதவு மூடினால்தான் உள்ளூர்க்காரருக்கு விலை விழும். 2025 மார்ச்சில் கனடாவுக்கும் அதே 25 சதவீதம் வந்தது.

சிக்கனம் எழுதியது:

உறைய வைத்த வால் பாக்கெட்டுகள் இப்போது தள்ளுபடியில் கண்ணில் படுகின்றன. விலை விழுந்ததன் பலன் இதுதானா, இல்லை பழைய சரக்கா? உயிரோடு வாங்கி வெட்டிச் சமைக்க எனக்கு மனசு வராது.

ருசிக்காரி எழுதியது:

சிக்கனம், விலைச் சரிவு நம்மிடம் நிஜமாக வந்து சேரும் இடம் பெரும்பாலும் அதுதான். குவிந்த சரக்கும் பயணம் தாங்காத மென் ஓடும் ஆலைக்குத்தான் போகும். வாலாகவும் கொடுக்குச் சதையாகவும் உறைந்து வரும். சில ஆலைகளில் மிக அதிக நீரழுத்தத்தில் வைத்து ஓட்டில் இருந்து பச்சைச் சதையை வேகவைக்காமலே பிரித்தெடுக்கிறார்கள். அது கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், சமையல் நம் கையில் இருக்கும்.

பாக்கெட்டில் மூன்று விஷயம் பாருங்கள். முதலில் நிகர எடை. மேலே பனிப்பூச்சு போட்டிருப்பார்கள், அதன் எடைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கக்கூடாது. அடுத்தது சேர்மானப் பட்டியல். பாஸ்பேட் என்று இருந்தால் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சேர்த்தது. சட்டியில் போட்டால் தண்ணீர் விட்டுச் சுருங்கும். மூன்றாவது, அது என்ன பிராணி என்பது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் லாங்கோஸ்டினோ என்ற குட்டை வகையாக இருக்கலாம். அது துறவி நண்டுக்கு நெருங்கிய உறவு. ருசி மோசமில்லை, ஆனால் சிங்கி இறால் விலை கொடுக்க வேண்டியதில்லை. மீன் அரைத்துச் செய்த சுரிமித் துண்டு இன்னொன்று.

பாக்கெட்டின் உள்ளே பனித்தூள் உதிர்ந்து கிடந்தாலோ சதையின் ஓரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தாலோ அது நாள்பட்டது. எத்தனை தள்ளுபடி என்றாலும் எடுக்காதீர்கள்.

நீலக்கரை எழுதியது:

விலையோடு இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2022 செப்டம்பரில் கலிபோர்னியாவின் மாண்டரே பே நீருயிர்க் காட்சியகம் நடத்தும் சீஃபுட் வாட்ச் (எந்தக் கடலுணவை வாங்கலாம் என்று வழிகாட்டும் திட்டம்), அமெரிக்கச் சிங்கி இறாலைத் தவிர்க்க வேண்டிய சிவப்புப் பட்டியலில் வைத்தது. கூண்டோடு மிதவையை இணைக்கும் கயிற்றில் வடக்கு அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் சிக்கிக்கொள்கிறது. உலகத்தில் அவை நானூறுகூட இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக இதை மறந்துவிட எனக்கு மனசில்லை.

வலைக்காரன் எழுதியது:

நீலக்கரை, அந்தப் பட்டியலை மெய்ன் மீனவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், வழக்கும் போட்டார்கள். திமிங்கிலத்தின் இழுப்புக்கு அறுந்துவிடும் பலவீனக் கண்ணிகளைக் கயிற்றில் வைப்பது, மிதவைக் கயிறுகளைக் குறைப்பது என்று பல மாற்றங்களைச் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் 2024 தொடக்கத்தில் செத்து ஒதுங்கிய ஓர் இளம் ரைட் திமிங்கிலத்தின் மேல் இருந்த கயிற்றில் மெய்ன் கயிற்றுக்குரிய ஊதா அடையாளம் இருந்தது. அதனால் பிரச்சினையே இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். கயிறு இல்லாமல் கூண்டை மேலே கொண்டுவரும் கருவிகள் வந்திருக்கின்றன, விலைதான் அதிகம். படகு விலை விழுகிற வருடத்தில் எந்த மீனவர் அதை வாங்குவார்? திமிங்கிலத்தைக் காப்பாற்றவும் மீனவருக்குச் சுமாரான விலையாவது கிடைக்க வேண்டும்.

புதுமீன் எழுதியது:

ருசிக்காரி அக்கா சொன்னபடி பார்த்து ஒரு ஜோடி வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். இரவு சமைக்க வேண்டும். ஒன்று அசைவே இல்லாமல் கிடக்கிறது. சமைக்கலாமா? அப்புறம் தலைக்குள் பச்சையாக ஒன்று இருக்குமே, அதுதான் ருசி என்கிறார்களே?

ருசிக்காரி எழுதியது:

குளிரில் மந்தமாகத்தான் இருக்கும், பயப்படாதே தம்பி. வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் வை. வாலை நிமிர்த்திப் பார், மடங்கினால் உயிர் இருக்கிறது. கண்ணைத் தொட்டாலும் அசையும். எதுவுமே இல்லை, வால் தளர்ந்து தொங்குகிறது, வாடை வருகிறது என்றால் தூக்கிப் போட்டுவிடு. செத்தவுடனே அதன் செரிமானச் சாறு சதையைக் கரைக்க ஆரம்பிக்கும், கிருமியும் வேகமாகப் பெருகும். வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதே.

மற்றதை ஈரத் துணியிலோ ஈரக் காகிதத்திலோ சுற்றித் திறந்த பாத்திரத்தில் வை. காற்றுப் புகாத பையில் கட்டினால் மூச்சு முட்டிச் சாகும். குழாய்த் தண்ணீரில் போட்டாலும் சாகும், அது உப்புநீர்ப் பிராணி. சமைக்கும் முன் கொஞ்ச நேரம் உறைபெட்டியில் வைத்தால் உணர்வு மங்கிவிடும்.

பச்சையாக இருப்பது அதன் கல்லீரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு. ருசிதான், ஆனால் கடலில் இருக்கும் நச்சு சேர்வதும் அங்கேதான். 2008ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைச் சாப்பிட வேண்டாம் என்று எச்சரித்தது. நான் எடுத்துவிடுவேன். சிவப்பாக இருந்தால் அது முட்டை, அதைச் சாப்பிடலாம். மீந்த சதையை மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளைக்குள் முடித்துவிடு.